தம்பி கோயிலுக்குப் போய் ஏழு வருடம். நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) வீட்டுக்கு வருகிறான், என்ன பேசுவது?

பொகவந்தலாவை அக்கா

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். அம்மா கொழுந்து எடுத்தவர், ஐயா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். மூன்று தலைமுறையாக வேதக்கார, கத்தோலிக்கக் குடும்பம். எனக்கு ஒரே தம்பி. எங்கள் சிற்றாலயத்தில் மாதத்துக்கு ஒரு பூசைதான். அதற்கும் முதல் நாளே ஓடிப்போய் மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டுத் துலக்கி வைப்பான். அப்படி இருந்த பிள்ளை.

2018 ஜூலையில் ஐயா இறந்தார். எங்கள் பக்கத்து ஜூலை மழை தெரியும்தானே. பாதரும் ஊரில் இல்லை. சரி, அது யார் பிழையும் இல்லை. ஆனால் செத்த வீட்டுக்கு வந்த கோயில் கமிட்டிக்காரர் ஒருவர், பெட்டி காம்பராவுக்குள் இருக்கும்போதே, "ஆறு மாசச் சந்தா பாக்கி கிடக்கு, கட்டினாத்தான் மணி அடிக்கலாம்" என்றார். தம்பி ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையில் இருந்த காசை எண்ணாமல் அப்படியே எடுத்து அவர் கையில் வைத்தான். மணி அடித்தது. அன்றைக்கு அடக்கம் முடிந்து வந்தவன் பிறகு கோயில் வாசலை மிதிக்கவே இல்லை.

இப்போது கொழும்பில் புடவைக் கடையில் வேலை. ஒரு இந்துப் பிள்ளையைப் பதிவுத் திருமணம் செய்திருக்கிறான். நல்ல பிள்ளை. இரண்டு வயதில் மகள் இருக்கிறாள்.

போன நத்தாருக்கு நான் போனில், "கடவுள மறந்தவன் எப்படிடா நல்லா இருப்ப" என்று கத்திவிட்டேன். பட்டென்று வைத்துவிட்டான். மூன்று மாதம் பேச்சில்லை. நவம்பர் வந்தால் மட்டும் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி வாங்கக் காசு போடுவான், புல்லை வெட்டியாச்சா என்று கேட்பான். அதோடு சரி.

இந்த முறை குடும்பத்தோடு வருகிறானாம். நடுச்சாமப் பூசைக்குக் கூப்பிடுவதா, வேண்டாமா? இன்னொரு தலைவலியும் இருக்கிறது. பேத்தி வந்ததும் யாருக்கும் தெரியாமல் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருக்கு 72 வயது. "நான் கண்ண மூடுறதுக்குள்ள" என்று அழுகிறார்.

---

ஓய்வுபெற்ற உபதேசியார், ஹட்டன்

மகள், முதலில் அம்மாவின் விஷயம். அதை எப்படியாவது தடுத்துவிடுங்கள். குழந்தை சாகக் கிடந்தால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். நல்ல சுகமாக ஓடி விளையாடும் பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்று நம்ப இடமும் இருக்க வேண்டும். திருச்சபைச் சட்டம் அப்படித்தான். களவாகச் செய்தால் மருமகளுக்குத் தெரியவரும் நாளில் அந்த வீட்டுக் கதவும் சாத்தப்படும்.

அடுத்தது உங்கள் ஐயாவின் சாவு. வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 31 வருடம் உபதேசியாராக இருந்தவன் நான். பாதர் வர முடியாத எத்தனையோ சாவு வீடுகளில் செபம் சொல்லியிருக்கிறேன். ஏழை என்பதற்காக ஒருவருக்கும் முறையான அடக்கச் சடங்கு இல்லாமல் போகக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு நடந்தது பிழை. உங்கள் தம்பி கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. இதை யாராவது அவரிடம் வாய் திறந்து சொன்னார்களா?

புனித யோசப் வாஸ் அடிகளை நினைத்துப் பாருங்கள். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதர் என்று அறிவித்தாரே, அவர்தான். 1687இல் ஒல்லாந்தர் காலத்தில், கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமே இல்லாதபோது, பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். நீ கத்தோலிக்கனா என்று யாரிடம் கேட்க முடியும்? கேட்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். யாருடைய கண் அந்த மாலையில் நின்றதோ அந்த வீடுதான் அவருக்கு அடையாளம். பிறகு நம்முடைய கண்டிக்கு வந்தவரை ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். 1697இல் அதே ஊரில் அம்மை பரவியபோது, மதம் பார்க்காமல் நோயாளிகளைத் தூக்கிப் பராமரித்தவரும் அவர்தான்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், உங்கள் தம்பியின் கண் எங்கே நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு "அதோடு சரி" என்று தாண்டிப் போய்விட்டீர்கள். விசுவாசம் அடியோடு செத்துப்போனவன் ஒவ்வொரு நவம்பரும் மெழுகுதிரிக்குக் காசு அனுப்புவானா, மகள்?

---

பொகவந்தலாவை அக்கா

ஐயா, வாசித்து அழுதுவிட்டேன். அந்தக் காசை நான் ஒரு நாளும் அப்படிப் பார்க்கவில்லை. கடமைக்கு அனுப்புகிறான் என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆள் சந்தாவைக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். மணி அடிக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது.

---

தலவாக்கலை த்ரீவீல்

அக்கா, நானும் 11 வருடம் போகாமல் இருந்தவன். இடையில் வேறொரு சபைக்கும் கொஞ்சக் காலம் போனேன், அப்புறம் அதுவும் இல்லை. அம்மா, அக்கா, பாதர் என்று எல்லாரும் புத்தி சொன்னார்கள். ஒன்றுமே ஏறவில்லை.

என்னோடு படித்த கூட்டாளி ஒருவன், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்கு என்னுடைய வண்டியில்தான் போவான். வா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. போகிற வழியில் என் பிள்ளையின் சளி, வண்டி லீசிங், இதைத்தான் விசாரிப்பான். நான் வெளியே வண்டிக்குள் இருப்பேன். கோயிலுக்குள் பாடுவது கேட்கும். மூன்றாவது வருடம் ஒரு வெள்ளி நல்ல மழை, வண்டியின் சைட் திரை கிழிந்து சாரல் அடிக்கிறது. அவன் வாசல் வரைக்கும் வந்து, "நனையாதடா, உள்ள வந்து நில்லு" என்றான். அன்றைக்குக் கடைசி வாங்கிற்குப் பின்னால் நின்றேன். அவ்வளவுதான், அடுத்த கிழமையும் நின்றேன்.

பாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகத்தான் கால் நடுங்கியது. அதற்குச் சொல்கிற மந்திரம்கூட மறந்துவிட்டது. "பரவாயில்ல, நான் சொல்லித்தாறேன்" என்றார் பாதர். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனம் அக்கா. நான் திரும்பிப் போன ஞாயிறு நாலைந்து பேர் சுற்றி நின்று, "ஆ, காணாமப் போன ஆடு வந்திருச்சு" என்று சிரித்தார்கள். அன்றைக்கே திரும்ப ஓடப் பார்த்தேன். தம்பி எப்போதாவது வந்தால் நேற்றும் வந்தவனைப் போலப் பக்கத்தில் இடம் விடச் சொல்லுங்கள்.

---

பண்டாரவளை மருமகள்

நான் சைவம், கணவர் கத்தோலிக்கர். உங்கள் தம்பி மனைவியின் இடத்தில் இருந்து பேசுகிறேன்.

என் மகன் பிறந்தபோது மாமியார் தலையணைக்கு அடியில் கழுத்தில் போடுகிற ஒரு மாதா சுரூபத்தை ஒளித்து வைத்தார். உறை மாற்றும்போது கையில் பட்டது. சுரூபத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, மாதாவை நானும் கும்பிடுகிறவள்தான். ஒளித்ததுதான் வலித்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே பிள்ளையின் கழுத்தில் போட்டிருப்பேன். ஒரு வருடம் கழித்து அவரே அழுது அதைச் சொன்னார். பிறகுதான் கணவரும் நானும் பாதரைப் போய்ப் பார்த்தோம். நான் மதம் மாறத் தேவையில்லை, ஆயரிடம் அனுமதி எடுத்துக் கோயிலிலேயே திருமணத்தைச் சரிசெய்யலாம் என்று விளங்கப்படுத்தினார். இது எங்கள் இரண்டு பேருக்குமே அதுவரை தெரியாது. மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நான்தான் அவனைத் தூக்கி வைத்திருந்தேன்.

உங்கள் அம்மாவை அந்தப் பிள்ளையோடு முதலில் சிநேகமாகப் பழகச் சொல்லுங்கள். அவளுக்குப் பிடித்த கறி எது என்று கேட்கச் சொல்லுங்கள்.

---

பொகவந்தலாவை அக்கா

நேற்று இரவு தம்பிக்குப் போன் எடுத்தேன். பூசையைப் பற்றிப் பேசவில்லை. "ஐயா செத்த அன்னிக்கு நான் வாயத் திறந்திருக்கணும்டா. திறக்கல. அது என் பிழை" என்றேன். மறுபக்கத்தில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து இரண்டு தரம் ஹலோ சொன்னேன். பிள்ளை டிவி பார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஐயாவோட கவ்வாத்துக் கத்தி இன்னும் இருக்காக்கா?" என்று கேட்டான்.

இருக்கிறது. அடுப்படிக் கூரையில் செருகி வைத்திருக்கிறோம். துரு ஏறியிருக்கும் என்றேன்.

கல்லறையில் மானாப் புல் திரும்பவும் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது, ஆள் வைத்து வெட்டப்போகிறேன் என்றும் சொன்னேன். "வேணாம், 24ஆம் திகதி காலையிலயே வந்திடுறேன், நான் வெட்டுறேன். கத்தியத் தீட்டி மட்டும் வையி" என்றான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஞானஸ்நானப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று செபமாலையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். மருமகளுக்கு என்ன கறி பிடிக்கும் என்று காலையிலிருந்து என்னை நச்சரிக்கிறார். கத்தியைத் தீட்ட பக்கத்து லயத்துத் தாத்தாவிடம் கொடுத்திருக்கிறேன்.