பின்னல் பொம்மைக்குக் கலைச்சொற்கள்: கிரீப்பரில் தொடங்கி

முத்தியால்பேட்டை, புதுச்சேரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா வேலையில் ஒரு பொம்மைச் செய்முறையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் பின்னக் கற்றுக்கொள்ளும் பெண்கள் காணொளி பார்த்தே பழகியவர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் காணொளியை நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்ப்பதற்குள் எண்ணிக்கை விட்டுப்போகிறது. தாளில் இருந்தால் மடியில் வைத்துக்கொண்டு பின்னலாம். ஆங்கிலத் தாள்களில் முழுக்கச் சுருக்கெழுத்துதான். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கே முதல் பார்வையில் அது புரியாது.

பிள்ளைகள் கேட்கும் பொம்மை மைன்கிராஃப்ட் விளையாட்டில் வரும் கிரீப்பர். ஆடாதவர்களுக்காக ஒரு சொல்: பச்சை நிறம், கை கிடையாது, நான்கு குட்டைக் கால்கள், கட்டமான தலை, வாய் கீழே தொங்கும் சோக முகம். ஓசைப்படாமல் பக்கத்தில் வந்து நின்று வெடிக்கும். விளையாட்டை உருவாக்கியவர் 2009இல் பன்றிக்கு உரு அமைக்கும்போது நீளமும் உயரமும் இடம் மாறிவிட, நெட்டையாக ஒரு பிராணி வந்து நின்றதாம். அதையே பூதமாக்கிவிட்டார்.

நமக்கு வேண்டிய சொற்கள்: இப்படிப் பின்னிப் பஞ்சு அடைக்கும் பொம்மைக்கு உலகம் முழுக்க வழங்கும் ஜப்பானியப் பெயர் அமிகுருமி. அதற்குத் தமிழில் என்ன? ஸ்டிச், ரவுண்ட், மேஜிக் ரிங், இன்கிரீஸ், டிகிரீஸ், பேக் லூப், யார்ன் ஓவர் இவற்றுக்கு? என் வகுப்பில் இப்போது "ஒரு இன்கிரீஸ் போடு, ரெண்டு சிங்கிள் போடு" என்றுதான் ஓடுகிறது. பேச்சுக்கு அது போதும். எழுதும்போது பாதி வரி ஆங்கிலமாகிவிடுகிறது.

இழைப்பாவை, நூற்பாவை, மாய வளையம், தையலேற்றம் என்று சிலவற்றை எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே நிறைவில்லை.

———

லாஸ்பேட்டையிலிருந்து:

அம்மா, வணக்கம்.

நல்ல வேலை. உங்கள் பட்டியலில் மாய வளையத்தை முதலில் எடுத்துவிடுங்கள். அந்த வளையத்தில் மாயம் ஒன்றும் இல்லை. நூலைத் தளர்வாக ஒரு வளையமாக்கி, அதற்குள் முதல் சுற்றைப் பின்னி, வால் நூலை இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்கிறது. இதைச் செய்வதற்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையும் கயிற்றில் போடும் சுருக்கும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சுருக்கு வளையம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

ஸ்டிச்சுக்குத் தையல் என்ற சொல்லும் வேண்டாம். தையலுக்கு முன்பே ஒரு துணி இருக்க வேண்டும். ஊசி அதைக் குத்தி மறுபக்கம் போக வேண்டும். குரோஷாவில் துணியே அப்போதுதான் பிறக்கிறது. நான் முன்வைப்பது கண்ணி. சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் கண்ணி, தலையில் சூடும் பூமாலையும் கண்ணி, குருவி பிடிக்க வைப்பதும் கண்ணி, பாடலில் தொடுத்துக்கொண்டே போகும் இரண்டிரண்டு அடிகளும் கண்ணி. ஒன்றோடொன்று கோத்து நீளும் எதற்கும் தமிழ் இந்தச் சொல்லைக் கொடுத்திருக்கிறது. பிரெஞ்சிலும் இப்படித்தான். பின்னலின் ஒரு கண்ணிக்கு 'மாய்' என்பார்கள். வலையின் கண்ணுக்கும் சங்கிலியின் வளையத்துக்கும் அதே சொல். நம் ஊரில் பிரெஞ்சு படித்தவர்கள் இதை உடனே ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்து, ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தால் வரும் ஆபத்து. உயரம் குறைந்த கண்ணியை அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பார்கள்; அதையே பிரிட்டனில் டபுள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்கரின் டபுள், பிரிட்டனின் டிரெபிள். ஒற்றைப் பின்னல், இரட்டைப் பின்னல் என்று நாம் எழுதினால் இந்தக் குழப்பத்தைப் பணம் கொடுத்து இறக்குமதி செய்ததாகிவிடும். ஜப்பானியர் கண்ணியின் உயரத்தைப் பார்த்து 'நீளப் பின்னல்', 'நடு நீளப் பின்னல்' என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். அந்த வழி நமக்கு ஒத்துவரும். குட்டைக் கண்ணி, இடைக் கண்ணி, நெட்டைக் கண்ணி. அமெரிக்கத் தாள் வைத்திருந்தாலும் பிரிட்டன் தாள் வைத்திருந்தாலும் கண்ணால் பார்த்தே எது எதுவென்று சொல்லிவிடலாம். பொம்மைக்கு ஏறக்குறைய முழுவதும் குட்டைக் கண்ணிதான் தேவை. நெட்டையாகப் பின்னினால் இடைவெளி விழுந்து உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே தெரியும்.

அமிகுருமிக்கு வருகிறேன். அமி என்பது பின்னல். குருமி வந்தது நுயிகுருமியிலிருந்து. அது துணியில் தைத்துப் பஞ்சு அடைத்த பொம்மை. கவனிக்க வேண்டியது, ஜப்பானியத்தில் அமி என்னும் சொல் இரண்டு ஊசியால் பின்னும் ஸ்வெட்டர் பின்னலுக்கும் கொக்கியால் பின்னும் குரோஷாவுக்கும் பொது. வேறுபடுத்த வேண்டிய இடத்தில்தான் கொக்கி ஊசிப் பின்னல் என்கிறார்கள். ஆகவே 'பின்னல் பொம்மை' என்றால் அது அமிகுருமிக்கு இணையான சொல்தான், குறைந்த சொல் அல்ல. பாவை என்றால் எனக்குக் கோயில் விளக்கைப் பிடித்து நிற்கும் பெண்தான் நினைவுக்கு வருகிறாள். வெடிக்கிற பூதத்துக்கு அது ஆகாது. வில்லியனூரில் சுடுமண்ணிலும் திருக்கனூரில் காகிதக்கூழிலும் செய்வதை யாரும் பாவை என்று கேட்டு வாங்குவதில்லை; பொம்மை என்றுதான் கேட்கிறார்கள்.

குரோஷாவை விட்டுவிடுங்கள். அது பிரெஞ்சில் சின்னக் கொக்கி என்று பொருள்படும் சொல். நம் வீடுகளில் ஊறிப்போய்விட்டது. அகராதியில் விளக்கம் தர 'கொக்கிப் பின்னல்' உதவும். தாளின் தலைப்பில் குரோஷா இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. குழுவில் சிலர் வருத்தப்படுவார்கள், தெரியும்.

———

முதலியார்பேட்டையிலிருந்து:

லாஸ்பேட்டை ஐயாவின் பட்டியலோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். உல்லன் நூல் உருண்டையில் 4 பிளை, 8 பிளை என்று போட்டிருக்கிறார்களே, அதற்குப் 'புரி' என்ற சொல் இருக்கிறது. முப்புரிக் கயிறு என்கிறோம். 4 புரி நூல் என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். ரோடியர் மில் ஓடிய பேட்டைக்காரன் நூலைப் பற்றிப் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

———

தேவனாம்பட்டினம், கடலூரிலிருந்து:

அக்கா, ஐயா, எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் வலை பின்னுவார்கள். அதனால் கண்ணி பற்றி ஒரு திருத்தம். வலையில் நாங்கள் கண் என்று சொல்வது ஓட்டையை. கண் பெரிசு, கண் சின்னது என்பது அதை வைத்துத்தான். அந்தக் கண்ணைச் சுற்றி இருப்பது முடிச்சு. முடிச்சு இறுகிவிட்டால் நகராது. வலை ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற இடம் அப்படியே நிற்கும். குரோஷாவில் முடிச்சே கிடையாது. வளையத்துக்குள் வளையமாக இழுத்துக்கொண்டே போகிறீர்கள். கடைசி வளையத்தைப் பூட்டாமல் நூலை இழுத்தால் மொத்தமும் கடகடவென்று அவிழும். என் தங்கை பின்னி வைத்ததை என் மகன் அவிழ்த்து எல்லோரும் பார்த்தோம்.

ஆகவே 'முடிச்சு' என்று யாராவது கொண்டுவந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'கண்' என்றும் வேண்டாம். பொம்மைக்குத் தனியாகக் கண் வைக்கப் போகிறோம், "12 கண்" என்று எழுதினால் பூதத்துக்குப் பன்னிரண்டு கண் வைத்துவிடுவார்கள். கண்ணி சரி. ஐயா சொன்ன காரணத்தைவிட, அது இழுத்தால் நழுவுகிற வளையம் என்பதால் எனக்குச் சரியாகப் படுகிறது. கண்ணிவெடி நினைவுக்கு வரும் என்று ஒருவர் தனி மடலில் எழுதினார். கிரீப்பருக்கு அதைவிடப் பொருத்தம் எது?

சுற்று என்ற சொல்லில்தான் சிக்கல் வரும். ரவுண்டுக்கும் சுற்று, கொக்கியில் நூலைச் சுற்றுவதற்கும் சுற்று என்றால் "2 சுற்று" என்ற வரியை எப்படிப் படிப்பது? ரவுண்டுக்குச் சுற்று இருக்கட்டும். கொக்கியில் நூலைப் போடுவதற்கு 'ஏற்று' என்று வைக்கலாம். நூலை ஏற்று, இழு, மறுபடி ஏற்று, இரண்டு வளையத்துக்குள்ளும் இழு. குட்டைக் கண்ணி முடிந்தது.

———

முத்தியால்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் இந்தச் சொற்களை வைத்து ஒரு தாளைப் படித்துப் பார்த்தோம். ஒருவர் படிக்க மற்றவர்கள் பின்னினார்கள். என் கணிப்பில் கலைச்சொல்லுக்கு இதுதான் தேர்வு. அழகான சொல்லாக இருந்தாலும், கை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மூச்சில் சொல்ல வராவிட்டால் அது பின்னலுக்கு ஆகாது. தையலேற்றம் அங்கேயே விழுந்தது. சுருக்கு வளையத்தை ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. நெட்டை, குட்டை என்றதும் சிரிப்பு. அப்புறம் அந்தச் சிரிப்போடு மனத்தில் நின்றுவிட்டது.

இன்கிரீசுக்கு 'கூட்டு', டிகிரீசுக்கு 'குறை' என்று முதலில் வைத்தேன். "இந்தச் சுற்றில் 6 கூட்டு" என்று படித்ததும் ஒரு பெண் ஆறு கண்ணியைத் தனியாகக் கடைசியில் சேர்க்கப் பார்த்தார். அவர் மேல் பிழையில்லை. கூட்டு என்றால் எத்தனை என்றுதான் தெரிகிறது, எப்படி என்று தெரிவதில்லை. செய்வது இதுதான்: ஒரே கண்ணிக்குள் இரண்டு கண்ணி பின்னுவது. அதற்கு 'இரட்டு'. இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்து மூடுவதற்கு 'இணை'. "3 கண்ணி, இரட்டு" என்றதும் கை தானாகச் செய்கிறது. வட்டமாக விரியும் பொம்மைக்கு இந்த இரண்டும் போதும். 6 கண்ணியில் தொடங்கிச் சுற்றுக்கு 6 இரட்டு, 12, 18, 24 என்று போனால் தட்டையான வட்டம். இரட்டுவதை நிறுத்திவிட்டுப் பின்னினால் சுவர் எழும்பும். இணைத்துக்கொண்டே வந்தால் மூடி உருண்டையாகும்.

கிரீப்பர் உருண்டை இல்லையே. கட்டத் தலைக்கு 6 உதவாது. நான்கு மூலையிலும் ஒரே கண்ணியில் மூன்று பின்ன வேண்டும், சுற்றுக்கு 8 ஏறும். அதற்கு 'மும்மை', 'முக்கண்ணி' என்றெல்லாம் யோசித்தோம். கடைசியில் 'மூலை' என்றே எழுதிவிட்டேன். எண்ணைச் சொல்வதைவிட இடத்தைச் சொல்வது எளிதாக இருக்கிறது. அதை முகப்பில் ஒரு முறை விளக்கிவிட்டால் வரி இப்படி வந்துவிடும் (அடைப்புக்குள் வெறும் எண் என்றால் அத்தனை குட்டைக் கண்ணி; வரியின் முடிவில் இருப்பது அந்தச் சுற்றின் மொத்தக் கண்ணி):

சுருக்கு வளையத்தில் 8 குட்டைக் கண்ணி. வளையத்தை இழுத்து மூடு.
சுற்று 2: (1, மூலை) நான்கு முறை. 16.
சுற்று 3: (2, மூலை, 1) நான்கு முறை. 24.
சுற்று 4: (3, மூலை, 2) நான்கு முறை. 32.
இப்படியே சுற்று 8 வரை: (7, மூலை, 6) நான்கு முறை. 64.
சுற்று 9: பின்னிழையில் மட்டும், 64.
சுற்று 10 முதல்: மூலை இல்லாமல் 64.

8 சுற்றோடு நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. விளையாட்டில் அதன் முகம் எட்டுக்கு எட்டுக் கட்டம். 64 கண்ணி என்றால் ஒரு பக்கத்துக்கு 16. ஆகவே முகத்தின் ஒரு கட்டத்துக்கு இரண்டு கண்ணி அகலம். ஒவ்வொரு கண்ணும் இரண்டுக்கு இரண்டு கட்டம், அதாவது நான்கு கண்ணி அகலம். கறுப்பு நூலை மாற்றி மாற்றிப் பின்னி முகம் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்களுக்கு: சுருளாகப் பின்னும்போது கண்ணி ஒவ்வொரு சுற்றிலும் சற்றுப் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே போகும், முகம் கோணலாகிவிடும். பின்னி முடித்த பிறகு மேலே கறுப்பு நூலால் பூப்போடுவதுதான் ஒழுங்காக வரும். நம் ஊர்ப் பெண்களுக்குப் பூவேலை புதிதில்லை. குளூனி கன்னியர் நடத்தும் பூத்தையல் கூடத்தைப் பார்த்தவர்கள் இதற்காக என்னிடம் பாடம் கேட்கமாட்டார்கள்.

பின்னிழை பற்றி: கண்ணியின் தலையில் இரண்டு இழை தெரியும். நம் பக்கம் இருப்பது முன்னிழை, அந்தப் பக்கம் இருப்பது பின்னிழை. பின்னிழையில் மட்டும் கொக்கியை விட்டால், விட்டுப்போன முன்னிழை வரப்பாக நின்று அந்த இடத்தில் துணி மடங்கும். கட்டத் தலைக்கு விளிம்பு அப்படித்தான் கிடைக்கிறது. உயரத்துக்கு 16 சுற்று போதாது. குட்டைக் கண்ணியின் உயரம் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் இரண்டொரு சுற்று கூடுதலாக வேண்டியிருக்கும். அது அவரவர் கையின் இறுக்கம். தாளில் "பக்கம் சதுரமாகும் வரை" என்று எழுதிவிடலாம் என்றிருக்கிறேன். எண் கொடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் சண்டைக்கு வரலாம்.

பூதத்தின் பெயரை 'ஊர்வான்' என்று மாற்றச் சொல்லித் தனி மடலில் ஒருவர் கேட்டார். அது பெயர், பெயரை மாற்ற வேண்டாம். பிள்ளைகள் கடையில் வந்து ஊர்வான் என்று கேட்கமாட்டார்கள்.

இனி உடலும் நான்கு கால்களும் எழுத வேண்டும். துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதற்கு 'மூட்டுதல்' வைத்திருக்கிறேன். அது தையல்தான் என்பதால் அங்கே ஊசியும் வரும், தையலும் வரும். மீதி இருப்பது ஸ்லிப் ஸ்டிச். இதில் உயரம் ஏறாது; கொக்கியில் உள்ள வளையத்துக்குள் நேராக இழுத்து நழுவிவிடும். 'நழுவு கண்ணி' என்று எழுதலாமா? தேவனாம்பட்டினம் தம்பி எல்லாக் கண்ணியும் நழுவும் என்கிறார், அது ஒரு தடை. 'ஒட்டுக் கண்ணி' என்று இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. கால்களுக்கான பகுதியை அச்சுக்கு அனுப்பும் முன் சொல்லிவிடுங்கள்.