மதிப்பாய்வுக்கே போகாமல் திரும்பும் ஆய்வுக் கட்டுரை: உதவி தேவை

கேள்வி (பென்னாகரம்)

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம், பாலக்கோடு பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அளவை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதிய என் கட்டுரையை, அனுப்பிய ஆய்விதழ்கள் மதிப்பாய்வாளர்களிடம் கொடுக்காமலேயே திருப்பிவிட்டன. “வட்டார அளவிலான தரவு, புதுமை போதாது” என்ற ஒரு வரிதான் காரணமாக வந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் காலம் நெருங்குகிறது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம்பெற்ற இதழில் வெளியிட்டுத் தருவதாக வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும் முகவர்களை நம்பலாமா?

பதில் (கிருஷ்ணகிரி)

தம்பிக்கு வணக்கம். முகவர் பக்கமே போக வேண்டாம். உங்கள் தரவுக்கு அது தேவையும் இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்ட நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது, ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே அதை முன்னிட்டு வந்த அளவுக்கு அறியப்பட்ட செய்தி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறது என்று மட்டும் முடித்தால், பதிப்பாசிரியருக்கு அதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. உங்களிடம் இரு பருவத் தரவு இருக்கிறது. மழைக்குப் பின் சில கிணறுகளில் அளவு குறைந்து, சிலவற்றில் கூடியிருந்தால், அது ஏன் என்ற கேள்வியே கட்டுரையின் முதுகெலும்பாக வேண்டும். நீரிலுள்ள கால்சியம், கால்சைட் என்ற கால்சியம் கார்பனேட் கனிமமாகப் படிந்து குறையும்போது பாறையிலிருந்து புளோரைடு மேலும் கரைவது, கடினப் பாறைப் பகுதிகள் பலவற்றுக்கும் பொருந்தும் வேதியியல். ஆகவே சோடியம் பைகார்பனேட் மிகுந்த கிணறுகளைத் தனியே பிரித்து, கால்சைட், ஃபுளோரைட் (கால்சியம் புளோரைடு) ஆகிய கனிமங்களின் செறிவுநிலைக் குறியீட்டை, அதாவது அவை நீரில் மேலும் கரையுமா, படியுமா என்று காட்டும் அளவை, கணக்கிட்டு விவாதியுங்கள். அயனிச் சமநிலைப் பிழை (அளந்த நேர், எதிர் அயனிகளின் மின்னூட்டக் கூட்டுத்தொகைகளுக்கு இடையிலான வேறுபாடு) 5 விழுக்காட்டுக்குள் இருப்பதை ஆய்வுமுறைப் பகுதியிலேயே காட்டிவிடுங்கள். நீர் வேதியியல் மதிப்பாய்வாளர் முதலில் தேடுவது அதைத்தான். தலைப்பில் கேள்வி முன்னே வரட்டும், மாவட்டப் பெயர் பின்னே வரட்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மழைக்குப் பின் கூடிய கிணறுகள் உண்மையிலேயே உள்ளன; அவற்றை விதிவிலக்கு என்று ஒரே வரியில் விட்டிருந்தேன். இதழ் உண்மையானதுதானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பதில் (ஊத்தங்கரை)

ஸ்கோபஸ் தளத்தின் இதழ்ப் பட்டியலில் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை இட்டுத் தேடி, சேர்க்கை நிறுத்தப்பட்டதாகக் குறிப்பு உள்ளதா என்று பாருங்கள். நல்ல இதழ்களின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துப் போலித் தளம் நடத்துவோர் இருப்பதால், முகவர் அனுப்பும் இணைப்பைத் தொடாமல், பதிப்பகத்தின் சொந்தத் தளம் வழியாகவே இதழுக்குள் செல்லுங்கள். சந்தா முறையில் வெளியாகும் தரமான இதழ்கள் பலவற்றில் ஆசிரியர் கட்டணமே இல்லை. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 முனைவர் பட்ட விதிமுறைகளில், ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யுஜிசி ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலான கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தமக்கென விதி வைத்திருக்கலாம். உங்கள் பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவில் நடப்பு விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியீடு கட்டாயமில்லை என்றால், ஐயா சொன்ன திருத்தங்களை அவசரமின்றிச் செய்ய உங்களுக்கு நேரம் கிடைக்கும்.