சிறையிலிருந்து வந்த டி.பி. + எச்.ஐ.வி. நோயாளி: காப்பகத்தில் மருந்தைத் தொடர்வது எப்படி?

காப்பகப்பணி_சென்னை
பிணையில் வந்து எங்கள் வீடற்றோர் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறார். எடை 46 கிலோ. டி.பி. மாத்திரை மூன்று வாரமாக, டி.எல்.டி. (டோலுடெகிராவிர் அடங்கிய எச்.ஐ.வி. கூட்டு மாத்திரை) ஒரு வாரமாகச் சாப்பிடுகிறார். கையில் நான்கு நாள் மாத்திரைதான் இருக்கிறது. சீட்டு, ஆதார், போன் எதுவும் இல்லை. முதலில் என்ன செய்யணும்?

களப்பணி_வடசென்னை
சிறையில் ஆரம்பித்திருந்தால் நிக்ஷயில் (அரசின் டி.பி. நோயாளிகள் இணையப் பதிவு) பதிவு இருக்கும். பக்கத்து அரசு மருத்துவமனை டி.பி. பிரிவில் சொல்லி அந்த ஐடியைத் தேடி மாற்றி வாங்குங்கள். புதிதாகப் போட்டால் சாப்பிட்ட மூன்று வாரம் கணக்கில் வராது. தேட முடியாவிட்டால் டி.பி. உதவி எண் 1800-11-6666. ஆதார் இல்லை என்று மருந்தைத் தள்ளிப்போட விடாதீர்கள். மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகைக்குத்தான் வங்கிக் கணக்கு வேணும், அதைப் பிறகு பார்க்கலாம்.

46 கிலோவுக்கு நாலு மருந்து சேர்ந்த மாத்திரை தினம் மூன்று. குமட்டினால் இரண்டு இட்லிக்குப் பிறகு போடட்டும், விட்டுவிடுவதற்கு அது எவ்வளவோ மேல். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது அந்த நாலில் ஒன்றான ரிஃபாம்பிசினால்தான், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தம் என்று பயந்து நிறுத்துபவர்கள் உண்டு.

ஏஆர்டி_ஆலோசகர்
விட்டுப்போவது இரவு மாத்திரைதான். ரிஃபாம்பிசின் டோலுடெகிராவிரின் அளவை உடலில் குறைத்துவிடும். அதனால் டி.எல்.டி. போட்டு 12 மணி நேரம் கழித்துத் தனியாக டோலுடெகிராவிர் 50 மி.கி. ஒன்று வேணும். டி.பி. மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் அது தொடரணும். சிறையில் மாலையிலேயே லாக்கப் ஆகிவிடுவதால் இது கைக்கு வராமலே போயிருக்கலாம். கவரைப் பிரித்துப் பாருங்கள், எச்.ஐ.வி.க்கு ஒரே டப்பா இருந்தால் ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. மருந்து தரும் அரசு மையம்) கட்டாயம் கேளுங்கள். வயிறு எரிகிறது என்று ஜெலுசில் கொடுக்கிறீர்களா? டோலுடெகிராவிர் போட்டு 2 மணி நேரம் கழித்துக் கொடுங்கள், இல்லையென்றால் 6 மணி நேரம் முன்னால். சேர்ந்து போனால் மருந்து உடம்பில் சேராது.

இன்னும் சில வாரத்தில் காய்ச்சல் திரும்பி வரலாம், கழுத்தில் கட்டி வீங்கலாம். எதிர்ப்புச் சக்தி மீளும்போது வரும் எதிர்வினையாக இருக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ கதை வேறு: டி.பி. மாத்திரையை நிறுத்தி அன்றே கூட்டிப்போங்கள்.

காப்பகப்பணி_சென்னை
டப்பா ஒன்றுதான் இருக்கு. நாளை காலை போகிறோம். பதிவேட்டில் எப்படி எழுதணும்?

களப்பணி_வடசென்னை
"தொடர் மருந்து, காலை 8, இரவு 8" போதும். எச்.ஐ.வி. என்று எங்கும் எழுதாதீர்கள், அவர் சம்மதமில்லாமல் சொல்வதை 2017 சட்டம் தடுக்கிறது. படுக்கையை ஜன்னலோரம் போடுங்கள். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை, இதில் ஒன்று இருந்தாலும் மற்றவர்களுக்கும் சளி எடுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர் சளியில் கிருமி குறைவாக இருப்பதால் மைக்ராஸ்கோப்பில் தப்பிவிடும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனை கேளுங்கள்.