பிட்கெர்ன் தபால்தலைகள் ஒட்டிக்கொண்டன, பிரிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மாமா கொடுத்த ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க பிட்கெர்ன் தீவுத் தபால்தலைகள். பசிபிக் நடுவே சுமார் 50 பேர் மட்டும் வாழும் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி அது. 1790இல் ‘பவுண்டி’ என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் செய்தவர்களும் தாகித்தித் தீவு மக்களும் குடியேறிய இடம். விமான நிலையம் கிடையாது. ஆளுநர் இருப்பதோ நியூசிலாந்தில்! 1940இல் தபால்தலை வெளியிடத் தொடங்கி, அந்த வருமானத்திலேயே தீவுச் செலவைப் பல காலம் ஓட்டியிருக்கிறார்கள். இப்போது தேனும் விற்கிறார்கள்.

சரி, என் சிக்கல் இதுதான். மழைக்கால ஈரத்தில் நான்கு தபால்தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நான்குமே பயன்படுத்தாதவை. தண்ணீரில் போட்டால் பின்பக்கப் பசை போய்விடுமே. ஃப்ரீசரில் வைத்தால் பிரியும் என்கிறார் ஒருவர். எனக்குப் பயமாக இருக்கிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், மீதியை ஈரம் படாமல் எதில் வைப்பது?