மண்டபம் (ராமநாதபுரம் மாவட்டம்) ஆசிரியர் பயிற்சி: உப்புமானி செய்ய யோசனை சொல்லுங்கள்

வணக்கம். மன்னார் வளைகுடாக் கரையோரப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் (6 முதல் 9ஆம் வகுப்பு வரை) கடல் பாடங்களைத் தாங்களே எழுதப் பழகும் 3 நாள் பயிற்சிக்கு உதவி தேவை.

முதல் சிக்கல் உப்புமானி, அதாவது நீரில் எவ்வளவு உப்பு என்று மிதக்கும் உயரத்தை வைத்துக் காட்டும் கருவி. ஸ்ட்ராவின் அடியில் களிமண் அடைத்து மிதக்கவிடும் வழக்கமான செய்முறை இங்கே எடுபடாது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம்தான் அடர்த்தி கூடியது, 10 செ.மீ. மூழ்கும் ஸ்ட்ரா இரண்டரை மி.மீ. உயர்வதைப் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள்? களிமண் ஊறி நீர் கசிந்தால் அதுவும் போச்சு. 20 மி.லி. குப்பியில் மணல் போட்டு, 6 மி.மீ. குழாயைக் கழுத்தாக வைத்தால், கணக்குப்படி 1.8 செ.மீ. அளவுக்கு உயரும். மூட்டில் கசியாமல் ஒட்ட மெழுகா, எம்சீலா? அளவுக்கோடு போட 965 கிராம் நீரில் 35 கிராம் உப்பு கரைத்த கரைசல் போதும்.

கரையோர உயிரினங்களை எண்ண 50 செ.மீ. சதுரச் சட்டம்: 2 மீட்டர் பிவிசி குழாய், 4 எல்போ. குழாயில் துளை போடாவிட்டால் உள்ளே காற்று அடைபட்டு மிதக்கும்.

கடல் வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இதைப் பள்ளி நேர அட்டவணையோடு பொருத்தியவர்கள் வழி சொல்லுங்கள்.

பவளத்துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை மாதிரிகள் அனுப்ப வேண்டாம். செத்ததும்கூட 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தெளிவான படங்கள் இருந்தால் போதும்.