ஆபீஸ் அப்கிரேடு செய்ததும் டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

மில்_கணக்கு
அரிசி மில் பில்லிங். விபி6 (விஷுவல் பேசிக் 6 என்ற பழைய மொழி) கொண்டு எழுதியது, டேட்டா முழுக்க ஒரே ஆக்சஸ் (மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் டேட்டாபேஸ்) ஃபைலில். இதற்கு மேல் இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆபீஸ் 2010ஐ எடுத்துவிட்டு 2019 போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை லோடு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கிறது, இன்ஜின்கூட அணைக்கவில்லை. டிரைவர் பில்லுக்காகக் கையை நீட்டியபடி கவுண்டரில் நிற்கிறார். திரையில் 'ஏஸ் ஓஎல்இடிபி 12.0 ப்ரொவைடர் இந்த மெஷினில் ரிஜிஸ்டர் ஆகவில்லை' என்று வருகிறது. வேறு புரோகிராம்கள் ஆக்சஸ் ஃபைலைப் படிக்க உதவும் டிரைவர்தான் ஏஸ். புரோகிராமை யாரும் தொடவே இல்லை! அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பழைய ஆபீஸ் 32 பிட், அதோடு வந்த ஏஸ் டிரைவரும் 32 பிட். 2019இல் நாமாக மாற்றிக் கேட்காவிட்டால் 64 பிட்தான் ஏறும். விபி6 புரோகிராம் 32 பிட் என்பதால் அந்த டிரைவர் அதன் கண்ணுக்கே தெரியாது. 32 பிட் ஏஸை மட்டும் தனியாகப் போடலாம் என்று பார்த்தால், 64 பிட் ஆபீஸ் இருக்கிறது, முடியாது என்று இன்ஸ்டாலர் மறுத்துவிட்டது. ஆபீஸை 32 பிட்டாக மாற்றி, ஏஸையும் போட்ட பிறகுதான் பில் வந்தது. லாரி கிளம்பும்போது மதியம் ஆகிவிட்டது.

லேப்_சிஸ்டம்
எங்களுக்கும் அதே 64 பிட்தான், ஆனால் சிக்கல் ஓடிபிசியில் (புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்கும் வசதி). ஆக்சஸ் ஃபார்ம், பின்னால் டேட்டா இருப்பது மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில். டிஎஸ்என்னை (அந்த இணைப்புக்கான செட்டிங்) திறந்து டெஸ்ட் கொடுத்தால் 'டெஸ்ட்ஸ் கம்ப்ளீட்டட் சக்சஸ்ஃபுல்லி' என்று பளிச்சென வருகிறது. அதை மூடாமலே பக்கத்து விண்டோவில் ரிப்போர்ட்டைத் திறந்தால், டிரைவரும் அப்ளிகேஷனும் ஆர்க்கிடெக்சர் (32 பிட்டா, 64 பிட்டா என்பது) பொருந்தவில்லை என்கிறது. ஒரே திரையில் இரண்டும்! வெளியே நோயாளிகள் ரிப்போர்ட் கேட்டு நிற்கிறார்கள்.

விண்டோஸில் ஓடிபிசி செட்டிங் புரோகிராம் இரண்டு இருக்கிறது. இரண்டின் பெயரும் ஓடிபிசிஏடி32. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64இல் இருப்பது 32 பிட். டெஸ்க்டாப்பில் இருந்த பழைய ஷார்ட்கட் 32 பிட்டைத்தான் திறந்தது. மற்றதில் போய் அதே பெயரில் டிஎஸ்என் போட்டதும் சரியானது.

சர்வர்_பக்கம்
மில்_கணக்கு, திரும்ப 32 பிட்டுக்குப் போனது தீர்வே இல்லை, தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தது 2019 நவம்பரில். ஆபீஸ் அப்டேட் வந்ததும் ஸ்டாக்கைக் குறைக்கும் அப்டேட் குவெரிகள் (டேபிளில் உள்ளதை மாற்றும் கட்டளைகள்) '3340, குவெரி கரப்ட்' என்று நின்றன. குவெரியில் ஒரு தவறும் கிடையாது, தவறு ஆபீஸ் அப்டேட்டில். திருத்தம் வரும்வரை டேபிளுக்குப் பதிலாக அதன்மேல் ஒரு செலக்ட் குவெரி (டேட்டாவை எடுத்துக் காட்டும் கட்டளை) எழுதி, அதை அப்டேட் செய்து ஓட்டினோம்.

அதனால் சொல்கிறேன், டேட்டாவை ஆக்சஸிலிருந்து வெளியே எடுங்கள். ஆக்சஸ் ஃபைலுக்கு 2 ஜிபிதான் உச்சம். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம், 2022 பதிப்பிலேயே ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரை போகலாம். டேபிள்களை மாற்றித்தர எஸ்எஸ்எம்ஏ என்று மைக்ரோசாஃப்டே ஒரு கருவி தருகிறது, அதுவும் இலவசம். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு டேபிளிலும் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளம்) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஆக்சஸில் லிங்க் செய்த டேபிளில் எடிட் பண்ணவே முடியாது. எஸ்க்யூஎல் சர்வருக்கான ஓடிபிசி டிரைவர் 18 போட்டால் அது என்க்ரிப்ஷனைத் தானாகவே ஆன் செய்துகொள்ளும், சர்வர் சர்டிஃபிகேட்டை நம்பமாட்டேன் என்று அங்கேயும் நிற்கும். அதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பேக்கப்பை வேறொரு மெஷினில் ரிஸ்டோர் செய்து பார்க்காமல் பழையதை அழிக்காதீர்கள்.

சங்க_எழுத்தர்
சர்வர்_பக்கம் அண்ணா, புரோகிராமை எழுதியவர் வெளிநாடு போய்விட்டார், சோர்ஸ் கோடு (திருத்தக்கூடிய மூல நிரல்) யாரிடமும் இல்லை என்றால் டேட்டாவை எங்கே கொண்டுபோய் வைத்து என்ன செய்வது? கையில் இருக்கும் அந்த எக்ஸ்இ (ஓடும் புரோகிராம் ஃபைல்) வேறு டேட்டாபேஸைத் தேடாதல்லவா. சின்ன இடங்களின் நிலைமை இதுதான்.

எங்களுடையது ஆக்சஸ் 97 ஃபைல், உறுப்பினர் பங்குத்தொகை லெட்ஜர். ஆபீஸ் 2013 வந்ததும் திறக்கவே மறுத்தது, அந்தப் பதிப்போடு 97 ஃபைல்களுக்கான ஆதரவு நின்றுவிட்டது. கிடங்கில் ஆக்சஸ் 2003 இருந்த பழைய மெஷின் கிடைத்தது. அதில் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. வொர்க்குரூப் பாதுகாப்பு போட்டிருக்கிறார்கள், ஓய்வுபெற்ற அக்காவுக்குத்தான் தெரியும். போனில் கேட்டால் ஞாபகம் இல்லை என்றார். நேரில் வந்து கீபோர்டில் கை வைத்ததும் விரல் தானாக அடித்தது, திறந்துவிட்டது! அதற்கப்புறமும் என்ன எழுத்துகள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே அதிலேயே 2003 ஃபார்மேட்டுக்கு மாற்றிவிட்டோம்.

மில்_கணக்கு
சங்க_எழுத்தர், அந்த எம்டிடபிள்யூ ஃபைலை (வொர்க்குரூப் பாதுகாப்பின் பயனர், பாஸ்வேர்டு இருப்பது) எடுத்து வைத்தீர்களா? டேட்டா இருக்கும் எம்டிபி ஃபைலை மட்டும் காப்பி எடுத்திருந்தால் புது மெஷினில் மறுபடி அனுமதி இல்லை என்று நிற்கும். எங்கள் சோர்ஸ் கோடும் கிடையாதுதான்.