டர்போ லேக்: நெடுநீரா, சுணக்கமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகப் போர்ஷே 911 டர்போவைப் பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்ற சொற்கள் எப்படியோ அமைந்துவிட்டன, 'டர்போ லேக்' மட்டும் அமையவில்லை. 1975ஆம் ஆண்டின் அந்த 3.0 லிட்டர், 260 குதிரைத்திறன் காரில் ஆக்சிலேட்டரை மிதித்த பிறகு, வெளியேறும் புகை சுழலியைச் சுழற்றி, அது காற்றை அமுக்கி என்ஜினுக்கு ஊட்டும் வரை ஓட்டுநர் காத்திருக்க நேர்ந்ததே, அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வது? 'டர்போ தாமதம்' என்றால் பேருந்து நிலைய அறிவிப்பு போல ஒலிக்கிறது.
– மா.

ஐயா,
வள்ளுவர் தந்த சொல் இருக்க, வேறு தேடுவானேன்? 605ஆம் குறளில் மறவி, மடி, துயில் ஆகிய மூன்றுக்கும் முன்னால் நிற்பது 'நெடுநீர்'. விரைந்து செய்ய வேண்டியதை நீட்டிக்கும் இயல்பு என்பதே பொருள். இங்கு நீர் என்பது தண்ணீரன்று, நீர்மை. 'டர்போ'வும் இலத்தீனில் சூறைக்காற்றையும் பம்பரத்தையும் குறித்த சொல்லாகையால், 'சூறை நெடுநீர்' என்றோ 'பம்பர நெடுநீர்' என்றோ கொள்ளலாம். (சூறைக்குக் கொள்ளை என்றும் பொருளுண்டு, இக்கார்களின் விலையை எண்ணினால் அதுவும் பொருந்தும்.)
– இ.

இ. ஐயாவின் புலமைக்கு என் வணக்கம். ஆனால் பட்டறையில் 'பம்பர நெடுநீர்' என்றால் மாணவன் ரேடியேட்டரைத் திறந்து பார்ப்பான்.

சொல்லுக்கு முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். ஜெர்மானியர் இதை 'டுர்போலோக்' என்கிறார்கள். 'லோக்' என்றால் பள்ளம். ஆங்கிலச் சொல் காலத்தில் பின்தங்குவதைச் சொல்ல, ஜெர்மன் சொல் ஆற்றலில் விழும் பள்ளத்தைச் சொல்கிறது. அந்த முதல் 911 டர்போவில், எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பதைத் தவிர்க்க அமுக்க விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை) 6.5:1 என்று தாழ்த்தி வைத்திருந்தார்கள். ஆகவே ஊட்டம், அதாவது டர்போ அமுக்கி அனுப்பும் காற்று, எழாத குறைந்த சுற்றுகளில் என்ஜின் சோர்ந்தே கிடந்தது. இது பள்ளம். சுற்றுகள் போதிய அளவில் இருந்தும், மிதித்த கணத்துக்கும் ஊட்டம் எழும் கணத்துக்கும் இடையில் கழியும் நேரம் வேறு. வளைவின் நடுவே ஊட்டம் திடீரென வந்து சேர, என்ஜினைப் பின்னால் சுமந்த அந்தக் கார் வால் வீசியதெல்லாம் அந்த நேரத்தின் கைங்கரியம். நேரத்துக்குச் 'சுணக்கம்', மற்றதற்கு 'ஊட்டப் பள்ளம்' என்பது என் பரிந்துரை. 'வேலை சுணங்கிவிட்டது' என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா?
– செ.

மெக்கானிக்குகள் எல்லோரும் 'லேக்' என்றே சொல்லும்போது அதையே எழுதினால் என்ன? மேலும், 2006இல் போர்ஷே 911 டர்போவில் சுழலியைச் சுற்றி நின்று புகையை வழிநடத்தும் இதழ்கள் கோணம் மாறும் அமைப்பு வந்தது. 2022இல் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி எஸ்எல் 43 காரில், சுழலிக்கும் அமுக்கிக்கும் இடையே 4 சென்டிமீட்டர் தடிமனில் ஒரு மின்மோட்டாரையே பொருத்திவிட்டார்கள். குறையே ஒழிந்துகொண்டிருக்கையில் அதற்குப் பெயர் சூட்டு விழா எதற்கு?
– வ.

குறை ஒழிந்த கதையைச் சொல்லவும் குறைக்குப் பெயர் வேண்டுமே. வ. அவர்கள் தந்த இரண்டு எடுத்துக்காட்டுகளும் என் பிரிவினையையே காட்டுகின்றன: இதழ்கள் குறைந்த சுற்றில் வழியைக் குறுக்கிப் புகையின் விசையைக் கூட்டுவதால் முதன்மையாகப் பள்ளத்தைத் தூர்க்கின்றன; மின்மோட்டாரோ புகை வரும்வரை காத்திராமல் அச்சைச் சுழற்றிவிடுவதால் சுணக்கத்தைப் போக்குகிறது. ஒரே 'லேக்' என்று எழுதினால் மாணவனுக்கு இந்த வேறுபாடு புலப்படாது.
– செ.

சுணங்கு என்பது சங்கப் பாடல்களில் மகளிர் மேனியில் படரும் தேமல். காருக்குத் தேமலா?
– இ.

அனைவருக்கும் நன்றி. 'டர்போ சுணக்கம்', 'ஊட்டப் பள்ளம்' இரண்டையும் சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன், வ. அவர்களுக்காக முதல் இடத்தில் மட்டும் 'டர்போ லேக் எனப்படும்' என்று எழுதியிருக்கிறேன்.
– மா.

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது தேமலைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.
– இ.